சமூகவியல் வகுப்பில் ஒரு மௌலவி



உங்கள் வீட்டில் உயர்தரம் எழுதிய மகள் ஒருத்தி இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இராது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்த சந்தோஷம் அடங்கு முன்பே, "அங்கே என்ன பாடம் எடுப்பது?" என்ற பேச்சு ஆரம்பமாகிவிடும். "சமூகவியல் எடுக்கப் போகிறேன்" என்று மகள் சொன்னால், "அது என்ன, சமூக சேவையா?" என்று வாப்பா கேட்பார். "அதைப் படித்து என்ன உத்தியோகம் எடுப்பது?" என்று மாமா கேட்பார். உயர்தரத்தில் இல்லாத பாடம் என்பதால் அந்தப் பிள்ளைக்கும் சரியாக விளக்கம் சொல்லத் தெரியாது. உம்மாவோ இரு பக்கமும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் என்னிடமும் பெற்றோர் இதைக் கேட்டு வருகிறார்கள். நானும் அதே பாடத்தைப் பேராதனையில் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்று அறிந்ததும் சிலருக்கு ஆச்சரியம். "ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்த மௌலவிக்கு இது எதற்கு?" என்று நேரடியாகவே கேட்டுவிடுவார்கள். உத்தியோகத்தைப் பற்றிய கேள்விக்கு வேறு யாராவது பதில் எழுதட்டும். அந்தப் பாடம் படித்தவனை என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் நான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அரபுக் கல்லூரிப் படிப்புக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஒரு விடயத்தை முன்னால் வைத்தால், "இதன் சட்டம் என்ன?" என்று கேட்கப் பழக்குவார்கள். கூடுமா, கூடாதா, வெறுக்கத்தக்கதா, விரும்பத்தக்கதா? பிக்ஹுப் படிப்பின் முதுகெலும்பு இதுதான். அது வேண்டிய பழக்கம். மக்கள் மௌலவியைத் தேடி வருவதும் அதற்காகத்தான். அதே பிக்ஹில் 'உர்ப்' என்று ஒன்று படித்தோம். ஊர் வழக்கம் என்று பொருள். ஷரீஆவுக்கு முரணில்லாத வழக்கத்துக்கு இமாம்கள் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதும், பல விடயங்களில் வழக்கத்தைப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற விதியும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் ஓர் ஊரின் வழக்கத்தை எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் கேட்பது? ஊர்த் தலைவரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். அவருடைய மனைவியிடம் கேட்டால் வேறு பதில் வரும். அதற்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது என்பதை 2001ஆம் ஆண்டு பேராதனைக்குப் போன பிறகுதான் கண்டேன்.

இலங்கையில் இந்தப் பாடம் ஆரம்பமானது 1949இல். ப்ரைஸ் ரயன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடக்கி வைத்தார். எங்கள் நாட்டுச் சாதி முறை பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் வெளிவந்தது. இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்து வந்தது சொற்களின் படை. வகிபாகம், அந்தஸ்து, சமூகமயமாக்கம், அடுக்கமைவு... ஸர்பும் நஹ்வும் படித்து வந்த எனக்கே தலை சுற்றியது என்றால், நேரே பாடசாலையிலிருந்து வந்த பிள்ளைகளின் பாடு எப்படி இருந்திருக்கும்! எளிய தமிழில் சொல்லக்கூடிய விடயத்தையும் இப்படிக் கடினமான சொல்லுக்குள் ஒளித்து வைப்பதில் பல்கலைக்கழகத்தாருக்கு என்ன திருப்தியோ, அது இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

சொற்களைத் தாண்டி உள்ளே போனபோது என்னை முதலில் நிறுத்தி வைத்தவர் எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர். 1897இல் அவர் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்த விடயத்தில் மார்க்கத்தின் தீர்ப்பு என்னவென்று எமக்குத் தெரியும். துர்கைம் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் கணக்கைப் பார்த்தார். ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவான தொகையினர் இப்படி இறக்கிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்களிடம் ஓர் அளவு, தனித்திருப்பவர்களிடம் வேறோர் அளவு. இறந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவரவர் துயரம் அவரவர்க்கு. அப்படியிருக்க, மொத்தக் கணக்கு மட்டும் ஏன் இப்படி ஒழுங்காக நிற்கிறது? தனி மனிதரின் மனத்துக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அதைத் தேடுவதுதான் சமூகவியல் என்றார் அவர்.

இது ஐரோப்பியக் கதை என்று விட்டுவிட முடியாது. எமது நாட்டிலேயே 1995ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவுக்குத் தற்கொலை உயர்ந்திருந்தது. உலகிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று அது. கிராமங்களில் வயல் வேலைக்கென்று வீட்டில் வைத்திருந்த நச்சு மருந்துகளே பெரும்பாலும் காரணமாயின. பொறுமையைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் எல்லா மதத்தவரும் உபதேசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அரசாங்கம் இன்னொன்றைச் செய்தது. மிகக் கொடிய நச்சு மருந்துகளை 1984இலிருந்து படிப்படியாகத் தடை செய்தது. 1995இலும் 1998இலும் 2008க்குப் பின்னரும் அந்தத் தடைகள் விரிந்தன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்த மரணங்கள் சுமார் 70 சதவீதம் குறைந்தன. அந்த இருபது ஆண்டுகளில் மக்களுடைய கோபமும் கண்ணீரும் 70 சதவீதம் குறைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். கோபத்தில் கை நீட்டிய இடத்தில் அந்தப் போத்தல் இல்லை, கோபம் ஆறுவதற்கு அவகாசம் கிடைத்தது, மனிதர்கள் தப்பினார்கள். ஒருவருடைய உள்ளத்தைத் திருத்துவதும், அவர் வாழும் வீட்டையும் சுற்றாடலையும் திருத்துவதும் இரண்டு வேலைகள் என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை.

இந்த இடத்தில் சிலர் இப்னு கல்தூனைக் கொண்டு வருவார்கள். "சமூகவியலை உண்டாக்கியதே எங்கள் இப்னு கல்தூன்தானே!" என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். முழங்குபவர்களில் எத்தனை பேர் முகத்திமாவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். நான் கேட்பதில்லை. பேராதனையில் எனக்கு இருந்த ஒரே வசதி, அதை அரபியிலேயே வாசிக்க முடிந்ததுதான்.

1332இல் தூனிஸில் பிறந்தவர் அவர். பதினேழு வயதளவில், பெரும் கொள்ளைநோய் அவருடைய பெற்றோரைக் கொண்டு போனது. அரசியலில் ஈடுபட்டார், சிறையில் இருந்தார், பிறகு இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து 1377இல் அந்த நூலின் முதல் வரைவை முடித்தார். பின்னர் எகிப்துக்குப் போய்க் காழியாக இருந்த காலத்தில், அவரிடம் வந்து சேரவிருந்த மனைவி மக்கள் கப்பலோடு கடலில் மூழ்கினார்கள். 1406இல் கெய்ரோவில் வபாத்தானார். இத்தனை இழப்பைக் கண்ட மனிதர் எழுதிய நூலில் புலம்பல் இல்லை. ஓர் அரச குடும்பம் எப்படி எழுகிறது, மூன்று நான்கு தலைமுறைக்குள் எப்படித் தளர்கிறது, 'அஸபிய்யா' என்று அவர் அழைக்கும் குழுப் பற்று பாலைவனத்தில் ஏன் இறுகுகிறது, நகரத்தின் சொகுசில் ஏன் கரைகிறது என்று நிதானமாகக் காரணம் தேடுகிறார். ஒரு செய்தி கிடைத்தால், சொன்னவர் நம்பிக்கையானவரா என்று பார்ப்பதோடு நிற்காமல், அப்படி நடப்பது மனித வாழ்க்கையில் சாத்தியமா என்றும் பார்க்கச் சொல்கிறார். எகிப்தின் கண் தெரியாத அறிஞர் தாஹா ஹுஸைன் பாரிஸில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தது இந்த இப்னு கல்தூனின் சமூகச் சிந்தனையைத்தான். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மேலே நான் சொன்ன அதே துர்கைம்! அரபுக் கல்லூரியையும் பேராதனையையும் இரண்டு உலகங்களாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தத் தொடர்பு ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

வீடு என்ற பாடம்

இனி உங்களுக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். நான் கிழக்கு மாகாணத்தவன். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அடுத்த மகளின் முறை வரும்போது தாய் தகப்பன் பின் வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். குடியும் தாய் வழியில்தான் வரும். உம்மாவின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயர்மார் குடி வழியாக வந்ததும் இதனால்தான். வேறு மாகாணங்களில் வாழும் சகோதரிகளுக்கு இது விநோதமாகத் தெரியலாம். எங்களுக்கோ, பல்கலைக்கழகம் போகும் வரை இது கவனிக்க வேண்டிய ஒரு விடயமாகவே தெரிந்ததில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியுமா?

விடுதியில் என் அறையில் கேகாலைப் பகுதிச் சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். கண்டியச் சட்டத்தில் 'தீக' விவாகம், 'பின்ன' விவாகம் என்று இரண்டு வகை உண்டு. தீக என்றால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது. பின்ன என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது. பின்ன மாப்பிள்ளைக்கு அவர்களிடையே மதிப்புக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊர் வழக்கத்தை நான் விபரித்ததும் நண்பர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அப்படியென்றால் உங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் பின்னவா!" என்று சிரித்தார். ஒரு ஊரில் கௌரவமாக இருப்பது மலை ஏறிப் போனால் பகிடியாகிவிடுகிறது. அன்றிரவு இருவரும் நெடுநேரம் பேசினோம். தீக முறையில் கல்யாணம் முடித்துப் போகும் மகளுக்குத் தகப்பனின் சொத்தில் உரிமை அற்றுப்போகும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு நூலகத்தில் தேடினால், எங்கள் கரையோரத்தை எங்களுக்கு முன்பே பிறர் வந்து எழுதி வைத்திருக்கிறார்கள்! நூர் யல்மான் என்ற துருக்கி மானிடவியலாளர் 1967இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரைத் தமிழரும் முஸ்லிம்களும் வருகிறார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் 1969இலேயே அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆராய்ந்தவர். அவருடைய பெரிய நூல் 2008இல் வெளிவந்தது. தாய்வழிக் குடியும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் எங்களுக்கும் எங்கள் தமிழ் அயலவர்களுக்கும் பொதுவான வழக்கங்கள் என்பதை அவர்களுடைய எழுத்துகள் விரிவாகக் காட்டுகின்றன.

சீதனத்தைக் கண்டித்துப் பயான்கள் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அவை தேவையானவை. மஹர் கொடுக்க வேண்டியவன் கைநீட்டி வாங்குவது பெரும் தலைகீழ் மாற்றம். ஆனால் சமூகவியல் மாணவன் 'சீதனம்' என்ற ஒரே சொல்லைக் கேட்டவுடன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் கையில் ரொக்கமாகப் போகும் பணம் ஒன்று. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 'கைக்கூலி' என்று சொல்வது, பெண்ணின் பயனுக்கென்று மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படுவதை. மனைவி அதைத் திருப்பித் தரும்படி காதி நீதிமன்றத்தில் கேட்கலாம். இதை அறியாத பெண்கள் எத்தனை பேர்! பெண்ணின் பெயரிலேயே உறுதி எழுதிக் கொடுக்கும் வீடு இன்னொன்று. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சீதனம் என்கிறோம். எது யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை. அப்போது நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. உங்களில் பலருக்கு அது சொந்தக் கதை. அடுத்த ஆண்டு இறுதி வருட ஆய்வுக் கட்டுரைக்குக் கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊரொன்றின் தற்காலிகக் கொட்டில்களுக்குப் போனேன். 'இடம்பெயர்ந்தோரின் அடிப்படைத் தேவைகள்' என்று தலைப்பு. கையில் அச்சடித்த வினாக்கொத்து. தண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் படிப்பு என்று கேள்விகள் வரிசையாக இருந்தன.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், என் மூன்றாவது கேள்வியிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"மகன், நீங்க தண்ணியப் பத்திக் கேக்கீங்க. தண்ணி பவுசர்ல வருகுது. என்ட ஊட்டப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல. அந்த ஊடு என்ட பெயரில இருந்த. என்ட உம்மா தந்த. இப்ப குடுக்கப்போற ஊட்டுக்கு அவர்ர பெயர எழுதிட்டுப் போறாங்க. குடும்பத் தலைவராம். நாளைக்கி என்ட புள்ளைக்கு நான் எத்தக் குடுக்கிற?"

அவருடைய கணவர் பக்கத்தில்தான் இருந்தார். நல்ல மனிதர். அவர் எதையும் பறிக்க நினைக்கவில்லை; உத்தியோகத்தர் பெயர் கேட்டார், சொன்னார். அந்தப் பத்திரத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரே ஒரு கோடு இருந்தது. அதில் ஆணின் பெயரை எழுதுவதுதான் இந்த நாட்டின் அலுவலக வழக்கம். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போன வீடு, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல், ஒரு கோட்டில் கைமாறப் போகிறது!

என் வினாக்கொத்தில் அதற்கு இடமே இல்லை. விரிவுரையாளரின் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். வினாக்கொத்தை வைத்துவிட்டு, ஒரு கொப்பி மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் என்னிடம் பேசியதற்கு என் தொப்பியும் தாடியும் ஒரு காரணம். என் உம்மாவையும் கூட்டிப் போனது அதைவிடப் பெரிய காரணம். உம்மா ஒரு பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். பேச்சு தானாக வரும். நான் எழுதிக்கொண்டிருப்பேன். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராத ஆய்வு முறை அது!

அங்கே கேட்டவை என்னை இரண்டு பக்கமும் இழுத்தன. விவாகரத்தான ஒரு சகோதரி சொன்னார்: "அவர் போனார். நான் என்ட ஊட்டில இருந்தன். புள்ளயளும் என்னோட இருந்த. ஊடு மட்டும் இல்லாட்டி நான் எங்க போற?" வீடு அவருக்குச் சுவர் மட்டுமல்ல. கணவன் கோபித்துக்கொண்டு வெளியேறலாம். அவரை வெளியேற்ற முடியாது. தாய் பக்கத்து வளவில், சகோதரி அடுத்த வேலியில். வயதான தாயைப் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் பிள்ளைகளை மாறி மாறி வளர்ப்பதும் அந்த வேலிகளுக்குள்ளேயே நடந்துவிடும்.

மறுபக்கம் வேறு குரல். நான்கு பெண் பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் கடலுக்குப் போய் உழைத்து இரண்டு வீடு முடித்து மூன்றாவதற்கு அத்திவாரம் போட்டிருந்தார். மூன்றையும் கடல் கொண்டுபோனது. வீடு கட்டவென்றே தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன வீடுகள் இருந்தன. மகளுக்கு வீடு கட்டப் போனவர் மகள் வளர்வதைக் காணவில்லை. தங்கைகளைக் கரையேற்றும் வரை கல்யாணம் முடிக்காமல் சவூதியிலும் கட்டாரிலும் முடி நரைத்த சகோதரர்களும் இருந்தார்கள். பெண்ணின் பெயரில் வீடு இருந்தும் வீட்டின் முடிவுகளைக் கணவனோ சகோதரனோ எடுக்கும் குடும்பங்களும் குறைவல்ல. காஞ்சனா ருவன்புர என்ற ஆய்வாளர் கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பற்றி 2006இல் எழுதிய நூலில் இதையே வற்புறுத்துகிறார்: தாய்வழி வழக்கம் இருப்பதால் பெண்ணின் கையில் அதிகாரம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சுனாமி வீடுகளுக்கும் சீதனத்துக்கும் இருந்த தொடர்பை மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸ் என்ற ஆய்வாளரும் பின்னர், 2010இல், விரிவாக எழுதினார்கள். அதை வாசித்தபோது, அந்தத் தாய் என்னை நிறுத்திய இடத்தில்தான் அவர்களும் நின்றிருக்கிறார்கள் என்று கண்டேன். அரச காணிகளின் விடயத்திலும் இப்படியொரு கோடு நெடுங்காலம் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், உரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகன் நிற்பான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருக்கும் சகோதரிகள் பிரதேச செயலகத்தில் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு கேள்வி வரும். "மௌலவி, அப்படியென்றால் வீட்டுச் சீதனம் சரி என்கிறீர்களா?" சமூகவியல் அதைச் சொல்லாது. ஒரு வழக்கம் யாரைத் தாங்குகிறது, யாரை நசுக்குகிறது, அதை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதைத்தான் அது காட்டும். எது நீதி என்பதற்கு நான் என் கிதாபுகளிடம்தான் போக வேண்டும். வாழ்நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி மார்க்கம் ஏவுகிறது. வாரிசுரிமையில் ஒவ்வொருவருக்கும் பங்கு வகுத்திருக்கிறது. ஆண் பிள்ளைகளை உழைக்க வைத்து வெறுங்கையோடு அனுப்புவதும், தகப்பனைக் கடனாளியாக்குவதும் இதில் எங்கும் பொருந்தாது. அதேவேளை, "வீடு கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு வாரிசுப் பங்கையும் கொடுக்காமல், மாப்பிள்ளையின் வீட்டில் ஓர் அறையையும் காட்டாமல் விட்டுவிட்டால், சீர்திருத்தத்தின் முழுச் செலவையும் அவள் தலையில் கட்டியதாகத்தான் முடியும். இதை நான் ஆலிம்களின் கூட்டமொன்றில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு பேர் பிறகு தனியாக வந்து, தங்கள் சகோதரிகளின் வீட்டு உறுதியைப் பற்றிக் கேட்டார்கள்.

எனக்குக் கல்யாணமானது 2007இல். எங்கள் வழக்கப்படி நானும் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறியவன்தான். ஒரு நாள் என் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, வழக்கங்களுக்கு வெளியே தெரியும் பயனும் உள்ளே மறைந்திருக்கும் பயனும் உண்டு, ரொபர்ட் மேர்ட்டன் என்ற அறிஞர் அதை இப்படிப் பிரித்தார் என்று மனைவிக்கு விளக்கினேன். மீன் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "இதப் படிக்கவா நாலு வருஷம் பேராதனையில இருந்தீங்க? எங்கட உம்மம்மாக்கிட்டக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்தில சொல்லியிருப்பாவே" என்றார். உண்மைதான். சமூகவியல் கண்டுபிடிக்கும் பல விடயங்கள் உம்மம்மாமாருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஆனால் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் பாடம்தான். அரபுக் கல்லூரியில் நான் ஆண்களிடம் ஓதினேன். பள்ளிவாசலில் ஆண்களுக்குப் பேசினேன். வீட்டைப் பற்றி வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதிய முதல் கொப்பி அந்தக் கொட்டில்களில் எழுதியதுதான்.

பாடசாலையில் இது தினமும் உதவுகிறது. முதலாம் பாடத்துக்குத் தொடர்ந்து பிந்தி வரும் ஒரு மாணவியிடம், "ஏன் பிந்தினாய்?" என்று கேட்டால் தலையைக் குனிவாள். "காலையில் எத்தனை மணிக்கு எழும்புவாய்? எழும்பியதும் முதலில் என்ன செய்வாய்? அதன் பிறகு?" என்று கேட்டால் முழு வீடும் தெரிந்துவிடும். உம்மா குவைத்தில். உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், ஊசி போட வேண்டும். தம்பியை முன்பள்ளியில் விட வேண்டும். பதின்மூன்று வயதில் அவள் ஒரு குடும்பத் தலைவி. எந்தப் பத்திரத்திலும் அவள் பெயர் அந்தக் கோட்டில் இருக்காது. அப்படியான பிள்ளைகள் ஒரு வகுப்பில் ஒருத்தி என்றால் அது அந்த வீட்டின் பிரச்சினை. ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் என்றால் அது ஊரின் பிரச்சினை. தனி மனிதரின் தொல்லை, சமூகத்தின் பிரச்சினை என்று இதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர், 1959இல். அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள் பலர். எங்கள் பாடசாலையில் அதனால் நடந்தது, அப்படியான பிள்ளைகளுக்கு முதலாம் பாடத்தை இடைவேளையில் திரும்பச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சிறு ஏற்பாடு மட்டும்தான். அதற்கே இரண்டு தவணை அதிபரோடு பேச வேண்டியிருந்தது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் மகள் சமூகவியல் எடுக்கப் போகிறேன் என்றால், அவள் திரும்பி வரும்போது வீட்டில் சில கேள்விகள் கூடுதலாக வரும் என்பதை இப்போதே எதிர்பார்த்திருங்கள். "இதை ஏன் நாங்கள் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்பாள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்; எழுதி வைக்கச் சொல்லுங்கள். கலைப் பீடங்களில் இன்று மாணவிகளே பெரும்பான்மையாக இருக்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு மாணவன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்துக் கேட்டதை, அவர்கள் நேராக அடுப்படிக்கே போய்க் கேட்கலாம்.

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாறு வயது. பின் வளவில் எவ்வளவு காணி இருக்கிறது என்று போன மாதம் மாமனார் நூல் பிடித்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டுவதா, எப்போது கட்டுவது, யாருடைய காசில் கட்டுவது, படிப்புக்குச் செலவழிப்பதா என்று இரவுகளில் நானும் மனைவியும் பேசிக்கொள்கிறோம். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கட்டினால் உறுதி யாருடைய பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதில் மட்டும் மனைவி உறுதியாக இருக்கிறார்.